பதினைந்து வயதுக் கவுனும் குடும்ப வாட்ஸ்அப்பும்

கேள்வி: ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் சாலைப் பக்கம் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, சுடிதார் என்று தொடங்கினேன். இரண்டு ஆண்டுகளாக அருகிலுள்ள கல்ஃப்டன் பகுதியிலிருந்து லத்தீன் அமெரிக்கக் குடும்பத்தினர் பெண்பிள்ளைகளின் பதினைந்தாம் பிறந்தநாள் கவுன்களைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவருகிறார்கள். இந்த வேலை பெருக வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் ஸ்பானிய விளம்பரம் போட்டேன். மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதியது. 300 டாலர் செலவானது, ஒருவரும் வரவில்லை. ஒரு விளம்பர நிறுவனம் மாதம் 600 டாலர் கேட்கிறது, 'லத்தீனெக்ஸ் மக்களுக்கு' என்று எழுதச் சொல்கிறது. என் கணவர் சரி என்கிறார். எனக்கோ, மொழியே தெரியாமல் அவர்கள் விழாவை வைத்துக் காசு பார்க்கிறேனோ என்று உறுத்துகிறது. போன வாரம் ஒரு பாட்டி வாட்ஸ்அப்பில் ஸ்பானிய மொழியில் இரண்டு நிமிடக் குரல்பதிவு அனுப்பினார். புரியாததால் நான்கு நாட்களாகப் பதிலே போடவில்லை. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், ஹூஸ்டன்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் உறுத்தலிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு பெண்ணின் வாழ்நாள் கவுனை அவள் உடம்புக்குப் பொருந்தும்படி தைத்துக் கொடுத்து அதற்குக் கூலி வாங்குவதில் எந்தக் குற்றமும் இல்லை. யாருக்காகத் தைக்கிறோம் என்று தெரிந்துகொள்ளாமல் அவர்களை விலைக்கு வாங்கப் பார்ப்பதுதான் தவறு. 300 டாலர் விளம்பரத்தில் நடந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் தைப்பது கின்சியாஞேரா கவுன். அந்த விழாவின் செலவு எப்படி நடக்கிறது என்று உங்கள் வாடிக்கையாளர்களிடம் என்றாவது கேட்டிருக்கிறீர்களா? பெற்றோர் மட்டும் செலவழிப்பதில்லை. கேக்குக்கு ஒருவர், காலணிக்கு ஒருவர், தலையில் வைக்கும் கிரீடத்துக்கு ஒருவர், கவுனுக்கு ஒருவர் என்று உற்றார் உறவினர் பொறுப்பேற்பார்கள். ஆண் என்றால் பத்ரினோ, பெண் என்றால் மத்ரினா. நம் வீட்டு மஞ்சள் நீராட்டில் தாய்மாமன் சீர் கொண்டுவருவதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரே விழாவுக்குப் பல தாய்மாமன்கள். உங்கள் கடைக்கு வரும் ஒரு கவுனுக்குப் பின்னால் மூன்று பேராவது இருக்கிறார்கள்: டிக்டாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் பார்த்து மாதிரியைத் தேர்ந்தெடுத்த பெண், ஃபேஸ்புக்கில் விலை விசாரித்த தாய், பணம் கொடுக்கும் மத்ரினா. இந்த மூவரும் கலந்து பேசி முடிவெடுக்கும் இடம் குடும்ப வாட்ஸ்அப் குழு. உங்கள் விளம்பரம் அந்தக் கதவைத் தட்டவே இல்லை.

பியூ ஆய்வு மையம் 2023-ல் எடுத்த கணக்கெடுப்பில், அமெரிக்காவில் வயதுவந்தவர்களில் 29 சதவீதத்தினர் வாட்ஸ்அப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். ஹிஸ்பானியர்களிடையே அது 54 சதவீதம். காரணம் நமக்குப் புதிதல்ல. அக்கா சான் சால்வதோரில், தம்பி ஹூஸ்டனில், மாமா லாஸ் ஏஞ்சலஸில் என்று இருக்கும் குடும்பத்துக்கு, நாடு கடந்து பேசக் காசு கேட்காத செயலிதான் வீட்டுத் திண்ணை. அந்தத் திண்ணையில் முன்பின் தெரியாத கடைக்காரர் வந்து உட்கார முடியாது. அங்கே உட்கார்ந்திருக்கும் ஒருவர் "நான் அங்கேதான் கொடுத்தேன், நன்றாகச் செய்தாள்" என்று சொன்னால் போதும். இந்த நம்பிக்கைக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் கொன்ஃபியான்சா. விளம்பர நிறுவனத்தின் விலைப்பட்டியலில் அது கிடைக்காது.

இது வியாபாரத்துக்கு மட்டும் பொருந்துவதல்ல. 2006-ல் கடுமையான குடியேற்ற மசோதா ஒன்றை எதிர்த்து லாஸ் ஏஞ்சலஸில் மார்ச் 25 அன்று ஐந்து லட்சம் பேர் திரண்டதாகக் காவல்துறை கணித்தது. மக்களை அழைத்ததில் பெரும்பங்கு அவர்கள் காலைதோறும் கேட்டுப் பழகிய ஸ்பானிய வானொலி அறிவிப்பாளர்களுடையது. அதே நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் அப்போதைய சமூக ஊடகமான மைஸ்பேஸ் வழியே ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பி வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். வானொலியோ இணையமோ, தெரிந்த குரல் அழைத்தது, வந்தார்கள். பத்தாண்டு கழித்து, 2016-ல், சிகாகோவில் 89 வயதிலும் குச்சி ஐஸ் வண்டி தள்ளிக்கொண்டிருந்த மெக்சிகோ முதியவரை ஒருவர் படம் எடுத்து இணையத்தில் உதவி கேட்டார். கேட்டது 3,000 டாலர்; சேர்ந்தது 3,80,000 டாலருக்கும் மேல். அந்தப் படத்தைப் பார்த்த எத்தனையோ பேருக்கு அதில் தங்கள் தாத்தா தெரிந்திருப்பார்.

ஆனால், வீட்டுக்குள் சொல்வதை ஊருக்கே சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஆண்டில் ஒரு பாடம் உண்டு. மெக்சிகோவின் சான் லூயிஸ் பொதோசி மாநிலத்தில் ஒரு தகப்பனார் மகளின் கின்சியாஞேராவுக்கு "அனைவரும் வருக" என்று வீடியோவில் சொல்ல, அது ஃபேஸ்புக்கில் பரவி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருவதாகப் பதிந்தார்கள். டிசம்பர் 26 அன்று உண்மையிலேயே ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் கிராமத்துக்கு வந்து நின்றார்கள். அந்தப் பெண்ணுக்கு அன்று பதினைந்து வயது. உங்கள் கடையில் எடுக்கும் படங்களைப் பற்றி நான் சொல்லப்போவதற்கு இதை நினைவில் வைத்திருங்கள்.

தாய் எழுத்தில் சம்மதம் தராமல் பெண்ணின் முகம் தெரியும் படத்தைப் போடவே வேண்டாம். முகம் தேவையும் இல்லை. இடுப்பில் நீங்கள் பிடித்துத் தைத்த மடிப்பு, முதுகில் நாடா கோத்த விதம், பிரிப்பதற்கு முன்பும் தைத்த பின்பும் எடுத்த படம், இவைதான் உங்கள் கைவண்ணத்தைக் காட்டும். 2025-ல் குடியேற்றச் சோதனைகள் கூடியதிலிருந்து பல குடும்பங்கள் தாங்கள் எங்கே போகிறோம், எப்போது போகிறோம் என்பது வெளியே தெரிவதையே அஞ்சுகின்றன. வாடிக்கையாளர் கடைக்குள் இருக்கும்போது நேரலை செய்யாதீர்கள். விழா மண்டபத்தின் பெயரையும் தேதியையும் முன்கூட்டிப் போடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் வியாபாரம் நஷ்டமானாலும் பரவாயில்லை என்று இருங்கள்.

இனி மொழி. 'லத்தீனெக்ஸ்' என்பது ஆண், பெண் வேறுபாடு காட்டாமல் லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்களைக் குறிக்க உண்டாக்கிய சொல். அப்படி எழுதச் சொன்ன நிறுவனத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். 2023-ல் பியூ கேட்டபோது லத்தீன் அமெரிக்க வழிவந்த பெரியவர்களில் 4 சதவீதத்தினரே அந்தச் சொல்லால் தங்களைக் குறிப்பதாகச் சொன்னார்கள். அதை விரும்பி ஏற்பவர்களை மதிக்கிறேன். ஆனால் கல்ஃப்டன் பாட்டியை அழைக்கும் சொல் அதுவல்ல. செயலி உங்கள் ஆல்டரேஷன் வேலைக்கு 'அல்தெராசியோனெஸ்' என்று போட்டிருக்கும். புரியும்தான், அமெரிக்காவில் பலகைகளிலேயே அப்படி எழுதியிருப்பார்கள். ஆனால் அது ஆங்கிலத்தின் நிழல். தையற்காரிக்கு அவர்கள் சொல் 'கொஸ்துரேரா'. துணியைச் சரிசெய்து தருவது 'அர்ரெக்லோஸ்'. ஓரம் மடித்துத் தைப்பதை மெக்சிகோக்காரர்கள் 'பஸ்தீயா' என்பார்கள். உங்களிடம் வரும் பெண்களையே கேளுங்கள். அவர்கள் வாயிலிருந்து வரும் சொல்லை அப்படியே பலகையில் எழுதுங்கள். பெரியவர்களை எப்போதும் 'உஸ்தெத்' என்றே அழையுங்கள், அது நம் 'நீங்கள்'. செயலி சில நேரம் 'தூ' போட்டுவிடும். பாட்டியை 'நீ' என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, அவர்கள் எல்லோரும் ஒரே மக்கள் அல்லர். ஹூஸ்டனின் கிழக்கே மக்னோலியா பார்க் பழைய மெக்சிகோக்காரர் வட்டாரம். உங்கள் பக்கத்துக் கல்ஃப்டனில் எல் சால்வதோர், ஹோண்டுராஸ், குவாத்தமாலா நாட்டினர் நிறையப் பேர். குவாத்தமாலாவிலிருந்து வந்தவர்களில் மாயா மொழி ஒன்றைத் தாய்மொழியாகக் கொண்டு, ஸ்பானிய மொழியைப் பின்னால் கற்றவர்களும் உண்டு. மேற்கே கேட்டி நகரத்தில் வெனிசுவேலா நாட்டினர் பெருகி, அதற்குக் 'கேட்டிசுவேலா' என்ற செல்லப்பெயரே வந்துவிட்டது. மே 5 அன்று தொப்பிப் படம் போட்டு எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள். அது 1862-ல் மெக்சிகோவின் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையை வென்ற நாள். சால்வதோர்க்காரருக்கு அதில் என்ன இருக்கிறது? அவருடைய சுதந்திர நாள் செப்டம்பர் 15. ஹோண்டுராஸுக்கும் குவாத்தமாலாவுக்கும் அதே நாள்தான், மெக்சிகோவுக்கு மறுநாள். அன்னையர் தினம் மெக்சிகோவிலும் எல் சால்வதோரிலும் குவாத்தமாலாவிலும் எந்தக் கிழமை வந்தாலும் மே 10. ஒரு வாழ்த்தில் நாட்டின் பெயரைச் சரியாகச் சொன்னால் அதைத் தங்கைக்கும் அத்தைக்கும் அனுப்புவார்கள்.

விலையை மறைக்காதீர்கள். ஸ்பானிய ஃபேஸ்புக் பதிவுகளின் கீழே 'ப்ரேசியோ?' என்று விலை கேட்டே ஐம்பது பேர் எழுதியிருப்பார்கள். விற்பவர் "தனியாகக் கேளுங்கள்" என்பார். அதில் எரிச்சலாகிப் போய்விடுகிறவர்கள் அநேகம். இடுப்புக்கு இவ்வளவு, ஓரத்துக்கு இவ்வளவு, அவசர வேலைக்கு இவ்வளவு என்று படத்திலேயே எழுதுங்கள்.

அந்த 600 டாலரைப் பற்றி. உங்கள் தெருவில் விழாக் கேக் செய்யும் ரொட்டிக்கடை இருக்கும், படம் எடுப்பவர் இருப்பார், மண்டபம் வாடகைக்கு விடுபவர் இருப்பார். இவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்தில் மற்றவர் பெயரைக் குறிப்பிட்டே வேலை பிடிக்கிறார்கள். நேரில் போய்ப் பேசுங்கள். கேக்கின் படத்தை உங்கள் பக்கத்தில் போடுங்கள். அவர்கள் உங்கள் கவுனைப் போடுவார்கள். மிச்சப் பணத்தில் அதே வட்டாரத்துப் பெண் ஒருவரை வாரம் சில மணி நேரம் சம்பளத்துக்கு வைத்து, வரும் செய்திகளுக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் பிள்ளையை இலவசமாக மொழிபெயர்க்க வைப்பது வேண்டாம். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே பெற்றோருக்கு வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பழகிய பிறகு உங்களையும் குழுக்களில் சேர்ப்பார்கள். அவற்றில் சீட்டுப் பிடிப்பதும் நடக்கும். மெக்சிகோக்காரர்கள் 'தாந்தா' என்பார்கள், குவாத்தமாலா, சால்வதோர் பக்கம் 'குச்சுபால்'. ஆள் தெரிந்த சீட்டு நல்லது. 100 டாலர் போட்டால் 800 வரும் என்று, வட்டமாகப் பெயர் எழுதிய சுழல் படம் காட்டி ஆள் சேர்க்கும் மோசடிக்காரர்களிடம் மட்டும் நெருங்காதீர்கள்.

கணவரிடம் இதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். இன்று இரவே அந்தப் பாட்டியின் குரல்பதிவை ஸ்பானிய மொழி தெரிந்த ஒருவரிடம் போட்டுக்காட்டுங்கள். ஒருவேளை விழா இந்தச் சனிக்கிழமையாக இருக்கலாம். எழுத்தில் பதில் போட வேண்டாம். எழுத்தை விடக் குரலே வசதி என்பதால்தான் அவர் பேசி அனுப்பியிருக்கிறார். நான்கு வாக்கியம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். தாமதத்துக்கு மன்னிப்பு, கவுன் எப்போது தயாராகும், எவ்வளவு ஆகும், பேத்திக்கு வாழ்த்து. உச்சரிப்பு தடுமாறினாலும் அனுப்பிவிடுங்கள்.