சென்னை, கோவை, திருச்சி, மதுரை: ஊர் திரும்பற குடும்பம் எங்க குடியேறலாம்?

கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். கேட்டவருக்கு 38 வயசு, பெங்களூர்ல ஐடி வேலை, கம்பெனி வீட்டுல இருந்தே வேலை பாக்க விட்டிருக்கு, மாசத்துல ரெண்டு மூணு நாள் மட்டும் ஆபீஸ் போனா போதும். மனைவி சிபிஎஸ்இ ஸ்கூல்ல மேத்ஸ் டீச்சர். பெரிய பொண்ணு அஞ்சாவது, பையன் யூகேஜி. அப்பா அம்மா புதுக்கோட்டை பக்கம் கிராமத்துல இருக்காங்க, அப்பாவுக்கு போன வருஷம் பைபாஸ் ஆச்சு, இருந்தாலும் ஊர விட்டு வரமாட்டேன்னு உறுதியா இருக்கார். மாமியார் திருப்பூர்ல தனியா, ஆனா தெம்பா இருக்காங்க. வாடகை 20 ஆயிரம் வரைக்கும் தாங்கும், சேமிப்பு 30 லட்சம் இருக்கு. இந்த நாலு ஊர்ல எது பெஸ்ட், போனதும் வீடு வாங்கிடலாமான்னு கேக்கறார்.

என் பதில் திருச்சி, அதுவும் வாடகை வீட்டுல. முதல் ரெண்டு வருஷம் வீடு மனைன்னு எதையும் வாங்காதீங்க.

ஏன்னு சொல்றேன். எல்லாரும் ஊர்களுக்கு மார்க் போட்டு பாக்கறாங்க, க்ளைமேட்டுக்கு இவ்ளோ, மாலுக்கு இவ்ளோ, ட்ராஃபிக்குக்கு இவ்ளோன்னு கூட்டி கழிச்சா பெரும்பாலும் கோவைதான் முன்னாடி வந்து நிக்கும். ஆனா ஒரு குடும்பம் குடியேறறப்போ பாக்க வேண்டியது வேற, வீட்டுல யாரால இடம் மாற முடியாதோ அவர நடுவுல வச்சுட்டு அவர சுத்திதான் ஊர தேடணும். நீங்க எங்க இருந்தும் வேலை பாக்கறீங்க, உங்க மனைவிக்கு எந்த ஊர்லயும் ஸ்கூல் இருக்கு, பிள்ளைங்க சின்னதுங்க பழகிடும், மாமியார் பஸ் ஏறி வந்துடுவாங்க. நகர மாட்டேன்னு சொல்றது உங்க அப்பா ஒருத்தர்தான், நெஞ்சுல ஆபரேஷன் ஆனவரும் அவர்தான். ராத்திரி பதினொன்னுக்கு உங்க அம்மா போன் பண்ணினா நீங்க எத்தனை மணிக்கு அங்க போய் நிப்பீங்க, அவர தூக்கிட்டு எந்த ஆஸ்பத்திரிக்கு வருவீங்க, இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் இல்லாத ஊர் வேற எதுல நல்லா இருந்தாலும் உங்களுக்கு ஆகாது.

புதுக்கோட்டையில இருந்து திருச்சி அம்பது கிலோமீட்டர் சொச்சம், நாலு வழி ரோடு, ட்ரெயினும் இருக்கு. இதய சிகிச்சை பண்ற பெரிய தனியார் ஆஸ்பத்திரிங்க, மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை எல்லாம் திருச்சி டவுனுக்குள்ளேயே இருக்கு. மதுரைன்னா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தூரம். கோவையில இருந்து கிளம்பினா கார்ல அஞ்சு மணி நேரம் ஆகும், சென்னைன்னா அதவிட கூட. இங்கயே முக்கால்வாசி முடிவாயிடுச்சு, ஆனாலும் மத்த ஊர்கள ஏன் தள்ளினேன்னு தெரிஞ்சாதான் உங்க மனசும் ஒத்துக்கும், மனைவிகிட்டயும் பேச முடியும்.

கோவைய தள்ள எனக்கே மனசு வரல, அவ்ளோ நல்ல ஊர். கடல் மட்டத்துல இருந்து 400 மீட்டருக்கு மேல உயரம், பாலக்காட்டு கணவாய் வழியா ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் காத்து அடிச்சுட்டே இருக்கும், பெங்களூர் பழகினவங்களுக்கு தமிழ்நாட்டு சமவெளியில இதவிட ஒத்துப்போற பெரிய ஊர் கிடையாது. சிறுவாணி தண்ணி ருசி ஊருக்கே தெரியும், ஆனா அது ஏரியாவ பொறுத்தது, அணை கேரளா எல்லைக்குள்ள இருக்கு, அங்க எவ்ளோ நீர்மட்டம் வைக்கறாங்கங்கறத வச்சுதான் இங்க வரத்து, புறநகர் பக்கம் நிறைய இடத்துக்கு பில்லூர் தண்ணி, அதுவும் தினமும் வராது, வீடு பாக்கறப்போ எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு பக்கத்து வீட்டுல கேட்டே ஆகணும். இதையெல்லாம் விட கோவையோட பெரிய பலம் வேலை. பீளமேடு டைடல் பார்க், சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் வரிசையா ஐடி கம்பெனிங்க இருக்கு, இன்னைக்கு இருக்கற வேலை நாளைக்கு போனாலும் அதே ஊர்ல இன்னொன்னு தேடலாம். திருச்சியில நவல்பட்டு எல்காட் ஐடி பார்க் இருக்கு, இல்லைன்னு சொல்லல, ஆனா உங்க அனுபவத்துக்கும் சம்பளத்துக்கும் உள்ளூர்ல வேலை கிடைக்கறது கஷ்டம், இத மறைச்சுட்டு நான் திருச்சிய சிபாரிசு பண்ண முடியாது. அதனாலதான் வீடு வாங்காதீங்கன்னு ஆரம்பத்துலேயே சொன்னேன். கம்பெனி திடீர்னு எல்லாரும் வாரம் மூணு நாள் ஆபீஸ் வாங்கன்னு மெயில் போட்டா, வாடகை வீட்டுல இருக்கறவர் ரெண்டு மாசத்துல கிளம்பிடலாம், இ.எம்.ஐ. கட்டறவர் மாட்டிப்பார். ஊர் மாறுறதுக்கு முன்னாடியே இந்த வீட்டு வேலை ஏற்பாட்ட ஹெச்.ஆர். கிட்ட எழுத்துல வாங்கி வச்சுக்குங்க, மேனேஜர் வாயால சொன்னது போதாது, மேனேஜர் மாறிட்டா அந்த பேச்சும் போச்சு.

சென்னை உங்களுக்கு வேண்டாம். வேலை அங்கதான் அதிகம், மெட்ரோ இருக்கு, பழைய வருமான வரி முறையில இருக்கறவங்களுக்கு ஹெச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகை படி) கழிவு அடிப்படை சம்பளத்துல 50 சதவீதம் வரைக்கும் போகும், மத்த மூணு ஊர்லயும் 40 தான். ஆனா 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ரெண்டுலயும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை சுத்தி என்ன ஆச்சுன்னு எல்லாரும் பாத்தோம், 2019 கோடையில ஏரிங்க வத்தி ஊரே லாரி தண்ணிக்கு நின்னதையும் பாத்தோம். அதுக்கப்புறம் நெம்மேலியில ரெண்டாவது கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2024-ல வந்துடுச்சு, நிலைமை தேறியிருக்கு. இருந்தாலும் உங்க 20 ஆயிரத்துக்கு நல்ல ஏரியாவுல மழைக்கு பயப்படாத வீடு கிடைக்கறது கஷ்டம், வீட்டுல இருந்தே வேலை பாக்கறவர் அந்த செலவ எதுக்கு சுமக்கணும்?

மதுரைய பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல, மருத்துவத்துல திருச்சிக்கு எந்த விதத்துலயும் குறைஞ்சது இல்ல, ஹைகோர்ட் கிளை 2004-ல இருந்து இருக்கறதால வக்கீல் தொழில் பண்றவங்களுக்கு அதுதான் ஊர், உங்க அப்பா சிவகங்கை பக்கமோ மேலூர் பக்கமோ இருந்திருந்தா நானே மதுரைன்னு எழுதியிருப்பேன். (நீங்க கேக்கல, இருந்தாலும் உங்கள மாதிரி நிலைமையில சொந்த ஊர் தெற்க இருக்கறவங்க திருநெல்வேலியையும் ஒரு தடவை பாருங்க, தாமிரபரணி தண்ணியும் பாளையங்கோட்டை ஸ்கூலுங்களும் சும்மா இல்ல.)

இப்ப திருச்சி. மாசாமாசம் பெங்களூர் போறதுதான் உங்க கவலைன்னா மதுரை - பெங்களூர் வந்தே பாரத் 2024 ஆகஸ்ட்ல இருந்து திருச்சி வழியாத்தான் ஓடுது, காலைல ஏழு மணி வாக்குல ஏறினா மத்தியானம் ஒன்னு ஒன்னரைக்கு இறங்கலாம், ராத்திரி தூங்கிட்டே போகணும்னா மயிலாடுதுறை வழியா போற மைசூர் - கடலூர் போர்ட் எக்ஸ்பிரஸ் இருக்கு. மாமியாருக்கு கோயம்புத்தூர் மயிலாடுதுறை ஜன சதாப்தி, திருப்பூர்ல ஏறி நேரா திருச்சியில இறங்கலாம், வாரத்துல ஒரு நாள் தவிர தினமும் உண்டு. ஏர்போர்ட்டுக்கு 2024 ஜனவரியில புது டெர்மினல் திறந்தாச்சு, சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய்னு நேரடி விமானம் போகுது. தண்ணி காவிரி, கொள்ளிடம் ஆத்து மணல்ல இறக்கின கிணறுகள்ல இருந்து எடுக்கறாங்க, இந்த நாலு ஊர்ல தண்ணிக்கு கவலை கம்மியா இருக்கறது இங்கதான்னு தைரியமா சொல்வேன். பெல் (BHEL) தொழிற்சாலை, என்.ஐ.டி., ஐ.ஐ.எம். எல்லாம் இருக்கறதால படிச்ச மத்தியதர குடும்பங்க நிறைய, ஸ்கூலுங்களுக்கு டீச்சர் தேவையும் எப்பவும் இருக்கு, மேத்ஸ் டீச்சர்னா உங்க மனைவிக்கு வேலை கிடைச்சுடும். ஆனா சம்பளம் பெங்களூர் அளவுக்கு எதிர்பாக்க கூடாது, நல்லாவே குறையும், இத ரெண்டு பேரும் உக்காந்து கணக்கு போட்டுக்குங்க.

குறைன்னா வெயில்தான், அத மழுப்பி சொல்ல மாட்டேன். ஏப்ரல் மே மாசம் 40 டிகிரிய தாண்டறது சாதாரணம், மொட்டைமாடிக்கு நேர் கீழ இருக்கற வீடு எடுத்தா ராத்திரி ரெண்டு மணிக்கும் சுவர் சூடு இறங்காது. அதனால மேல இன்னொரு மாடி இருக்கற வீடா பாருங்க, நீங்க பகல் முழுக்க வேலை பாக்கற ரூம் மேற்கு பாத்து இருக்க வேண்டாம். கரண்ட் கட்டணம் தமிழ்நாடு முழுக்க ஒன்னுதான், ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், ஆனா ஏசி ஓடற நேரம் கோவையவிட திருச்சியில ரொம்ப கூடுதல், அது பில்லுல தெரியும். வீட்டுக்கு தனி மீட்டர் இருக்கான்னு பாத்துட்டு ஈபி பில் என்ன வருதோ அத கட்டறேன்னு பேசுங்க, ஓனர் யூனிட்டுக்கு இவ்ளோன்னு ஒரு ரேட் சொன்னா அந்த வீடே வேண்டாம்.

ஏரியான்னு பாத்தா கே.கே. நகர், சுப்ரமணியபுரம், ஏர்போர்ட் பக்கம் தேடுங்க, புதுக்கோட்டை ரோடு அங்கேயே ஆரம்பிக்குது, அவசரத்துக்கு கிளம்பினா சிட்டி ட்ராஃபிக்க தாண்டற வேலையே இல்ல. தில்லை நகர், கண்டோன்மென்ட் நல்ல ஏரியாதான், வாடகை கூட. ஸ்ரீரங்கம் வாழ அருமையா இருக்கும், ஆனா ஊர் வடக்கால இருக்கு, புதுக்கோட்டை தெற்கால, ஒவ்வொரு தடவையும் பாலம் தாண்டி மொத்த ஊரையும் குறுக்க கடக்கணும். கோரையாறு, குடமுருட்டி கரை ஓரம் தாழ்வா இருக்கற நகர்கள்ல வாடகை கம்மியா வந்தாலும் ஐப்பசி கார்த்திகை மழையில தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு தெருவுல கடை வச்சிருக்கறவங்ககிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, ஓனர்கிட்ட கேக்காதீங்க.

அட்வான்ஸ் பத்தி ஒரு வார்த்தை. 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்த வாடகை சட்டப்படி, வேற மாதிரி ஒப்பந்தம் போடலைன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் இல்ல. பெங்களூர் பழக்கத்துல பத்து மாசம் குடுக்க ரெடியா போய் நிக்காதீங்க. அக்ரிமெண்ட் எழுத்துல போட்டு பதிவும் பண்ணிடுங்க.

பொண்ணு விஷயத்துக்கு நீங்க கேள்வியில இடமே குடுக்கல, எனக்கு அதுதான் வேற எதவிடவும் கவலையா இருக்கு. 2006-ல வந்த தமிழ் கற்றல் சட்டப்படி இங்க ஸ்கூல்ல தமிழ் கட்டாயம், 2015-16-ல இருந்து சிபிஎஸ்இ ஸ்கூலுக்கும் ஒன்னாம் கிளாஸ்ல தொடங்கி கொண்டு வந்தாங்க. பெங்களூர்ல கன்னடமோ ஹிந்தியோ படிச்ச பிள்ளை வீட்டுல சரளமா தமிழ் பேசும், ஆனா ஆறாங்கிளாஸ் தமிழ் புத்தகத்த திறந்தா எழுத்து கூட்டத் தெரியாது, கூட படிக்கற பிள்ளைங்க செய்யுள் ஒப்பிக்கறப்போ இது முழிச்சுட்டு உக்காந்திருக்கும், அது மனசுல எப்படி பதியும்னு யோசிங்க. இப்பவே தினமும் அரை மணி நேரம் உயிரெழுத்துல இருந்து ஆரம்பிச்சுடுங்க, தாத்தாவ வீடியோ கால்ல கதை படிக்க சொல்லி பொண்ண கூடவே படிக்க வைக்கலாம். சேர்க்கற ஸ்கூல்லயும் முதல் வருஷம் தமிழுக்கு தனியா கவனம் குடுப்பாங்களான்னு முன்னாடியே கேளுங்க, அட்மிஷன் பேச்சு ஜூன்ல இல்ல, அதுக்கு முந்தின டிசம்பர் ஜனவரியிலேயே ஆரம்பிச்சுடும்.

அப்புறம் அந்த 30 லட்சம். ஊர்ல இறங்கின மறுநாளே புரோக்கர் போன் வரும், பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டு 2025-ல திறந்தாச்சு, டைடல் பார்க் வருது, இப்ப விட்டா போச்சுன்னு சொல்வாங்க. அறிவிப்ப நம்பி மனை வாங்கறவங்களுக்கு மதுரை தோப்பூர பாக்க சொல்வேன், எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில அடிக்கல் நாட்டினாங்க, கட்டட வேலை உருப்படியா கிளம்பவே 2024 ஆச்சு. கோவை, மதுரை மெட்ரோ வரப்போகுதுன்னு சொல்லியே எவ்ளோ மனை வித்தாங்க, 2025 நவம்பர்ல மத்திய அரசு அந்த திட்ட அறிக்கைய திருப்பி அனுப்பிடுச்சு. ரெண்டு கோடை ரெண்டு மழைக்காலம் வாடகையில இருந்து பாத்தாலே எந்த தெரு உங்களுக்கு சரிப்படும்னு உங்களுக்கே தெரிஞ்சுடும், அப்ப வாங்குங்க. வாங்கறப்போ டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவலும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பரும் பாருங்க, அப்ரூவல் இல்லாம 2016 அக்டோபர் 20-க்கு அப்புறம் பிரிச்ச மனைய பதிவே பண்ண முடியாது. வில்லங்க சான்று, பட்டா, மூலப்பத்திரம் மூனையும் நீங்களே ஒரு வக்கீல வச்சு பாக்கணும், விக்கறவரோட வக்கீல் வேண்டாம். பத்திர செலவு ஸ்டாம்ப் டூட்டி 7, பதிவு கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனியா எடுத்து வைக்கணும். ஸ்ரீரங்கம் மேல ஆசை வந்தா அடிமனை பிரச்சனைய கண்டிப்பா விசாரிங்க, நிலம் கோயிலுக்கா குடியிருக்கறவங்களுக்காங்கற வழக்கு அங்க ரொம்ப காலமா இருக்கு. வாடகைக்கு இருக்கறதுக்கு அதனால ஒரு தொந்தரவும் இல்ல.

உங்க காரும் பைக்கும் கேஏ நம்பர்ல இருக்கும், 12 மாசத்துக்கு மேல இங்க ஓட்டினா தமிழ்நாட்டு நம்பர் வாங்கி இங்கத்த சாலை வரி கட்டணும். பெங்களூர்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே அங்க ஆர்டிஓ ஆபீஸ்ல என்.ஓ.சி. (தடையில்லா சான்று) வாங்கிடுங்க, கர்நாடகாவுல கட்டின லைஃப் டாக்ஸ்ல மிச்ச வருஷத்துக்கு ரீஃபண்ட் கேக்கறதுக்கும் அந்த பேப்பர் வேணும். மாசாமாசம் ஆபீஸ் போறீங்களே, அதுல ஒரு நாள ஒதுக்கினா முடிஞ்சுடும்.