கேள்வி – பதில்: தெரிந்தது எது, புதிது எது?

கேள்வி: தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கிறேன். மாணவர்களுக்குச் சொற்கள் புரிகின்றன. ஆனால் ஒரு பத்தியில் முக்கியமாக என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: ஒவ்வொரு வாக்கியமும் எந்தக் கேள்விக்குப் பதில் என்று கேட்பதிலிருந்து தொடங்குங்கள். 'மேசைமேல் ஒரு புத்தகம் இருக்கிறது', 'புத்தகம் மேசைமேல் இருக்கிறது' என்று பலகையில் எழுதுங்கள். முதலாவது 'மேசைமேல் என்ன இருக்கிறது?' என்பதற்குப் பதில்; இரண்டாவது 'புத்தகம் எங்கே?' என்பதற்கு. தமிழில் புதிய செய்தி பெரும்பாலும் வினைக்குச் சற்று முன்னால் வந்து நிற்கும். பேச்சில் குரல் ஏற்றிக் காட்டுவதை, எழுத்தில் சொல்வரிசையும் 'தான்', 'உம்' போன்ற இடைச்சொல்லும்தான் காட்ட வேண்டும்.

அடுத்து 'தான்'. இதை 'மட்டும்' என்று மனப்பாடம் செய்துவிடுவதுதான் பெரிய சிக்கல். 'மாலாதான் நேற்று கடிதம் எழுதினாள்' என்றால், கடிதம் எழுதிய செய்தி முன்பே தெரியும்; எழுதியவர் யார் என்பதே புதிது. 'மாலா நேற்றுதான் கடிதம் எழுதினாள்' என்பதை 'நேற்று மட்டும் எழுதினாள்' என்று படித்தால் பொருளே போச்சு. இவ்வளவு தாமதமாக எழுதினாள் என்பதல்லவா அங்கே செய்தி! 'தான்' எந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறதோ அதை வட்டமிடச் சொல்லுங்கள்.

பிறகு பத்திக்கு வாருங்கள். 6 வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். முன்பே வந்ததற்கு நீலக் கோடு, புதிதாக வருவதற்குச் சிவப்புக் கோடு. 'ஒரு' என்று அறிமுகமானது அடுத்த வரியில் 'அந்த' ஆகும், 'அது' ஆகும், பல இடங்களில் காணாமலே போகும். 'ஒரு பெட்டி வந்தது. கனமாக இருந்தது. திறந்து பார்த்தோம்.' இரண்டாவது வாக்கியத்தில் பெட்டி மறைந்திருக்கிறது. மூன்றாவதில் 'பெட்டியை' மறைந்ததோடு எழுவாயும் மாறிவிட்டது. 'பார்த்தோம்' என்பதன் விகுதி ஒன்றே துப்பு. மறைந்த சொற்களை வரிக்கு மேலே பென்சிலால் எழுத வையுங்கள். பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான், ஆகவே ஒரு வகுப்பு முழுவதும் இதற்கே போனாலும் தகும்.

'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' என்ற வேறுபாட்டையும் காட்டலாம். 'ஐ' வந்தால், பெரும்பாலும் எந்தப் புத்தகம் என்று கேட்பவருக்குத் தெரியும். ஆட்களைக் குறிக்கும் பெயர்களில் 'ஐ' அநேகமாக எப்போதும் வருவதால் அங்கே இந்தச் சோதனை செல்லாது.

கேள்வி: 'உம்' எங்கே வந்தாலும் 'மற்றும்' என்றே எடுத்துக்கொள்கிறார்களே?

பதில்: நன்னூல் உம்மைக்கு 8 பொருள் சொல்கிறது. தொடக்கத்தில் எண், எச்சம், முற்று மூன்றும் போதும். 'மாலாவும் கண்ணனும்' என்று அடுக்கி வந்தால் எண். 'மூவரும் வந்தார்கள்' முற்று, அதாவது ஒருவர் விடாமல் எல்லோரும். 'மாலாவும் வந்தாள்' என்று தனியாக நின்றால் எச்சம், அதாவது வேறு யாரோ வந்ததையும் அது குறிக்கிறது; 'வேறு யார் வந்தது?' என்று கேட்டு, விடையை முந்தைய வரிகளில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.