வலி மாத்திரை வயிற்றை என்ன செய்கிறது? மருந்தாளுநர் பதில்கள்

கேள்வி: மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் போடுகிறேன் தம்பி. சாப்பிட்ட பிறகுதான் போடுகிறேன், அப்படியும் வயிறு எரிகிறதே?

பதில்: சாப்பிட்டுவிட்டுப் போடுவது நல்லதுதான் அக்கா. ஆனால் மாத்திரை வயிற்றில் பட்டு வரும் எரிச்சல் சின்ன விஷயம். பெரிய சேதம் அது ரத்தத்தில் கலந்த பிறகுதான். நம் வயிற்றின் அமிலம் வயிற்றையே அரிக்காமல் இருப்பதற்கு உட்சுவரில் உள்ள சளிப் படலமும் நல்ல ரத்த ஓட்டமும் காரணம். இரண்டையும் பார்த்துக்கொள்வது புரோஸ்டாகிளாண்டின் என்ற, உடலே உண்டாக்கும் வேதிப்பொருள். மூட்டில் வலியையும் வீக்கத்தையும் கிளப்பிவிடுவதும் இதே புரோஸ்டாகிளாண்டின் கூட்டம்தான்! மாத்திரை அதன் உற்பத்தியை அடக்குகிறது. வலி குறையும்போதே வயிற்றின் காவலும் போய்விடுகிறது. இந்த வகை மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை அடக்குவதை பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் ஜான் வேன் 1971-ல் கண்டுபிடித்தார்.

கேள்வி: அப்படியென்றால் ஊசி போட்டுக்கொண்டால் வயிறு தப்பிக்குமா?

பதில்: தப்பிக்காது. ஊசி மருந்தும் ரத்தத்துக்குத்தானே போகிறது. குடலில் கரையும்படி பூச்சு போட்ட ஆஸ்பிரினுக்கும் இதே கதைதான். மேலே தடவும் ஜெல் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேரும். முழங்கால் வலிக்கு முதலில் அதைத் தடவிப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் 75 மி.கி. முதுகுவலி வந்தால் நானே ஐபுப்ரோஃபென் வாங்கிக் கொடுக்கிறேன், சரியா அண்ணா?

பதில்: இனி வாங்காதீர்கள் தம்பி. ஐபுப்ரோஃபெனும் டைக்ளோஃபினாக் வகைதான். வயது ஒன்று, ஆஸ்பிரின் இன்னொன்று, அதன்மேல் இதுவும் சேர்ந்தால் புண்ணும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு நன்றாகவே கூடும். போதாக்குறைக்கு, ரத்தம் உறையாமல் ஆஸ்பிரின் செய்யும் வேலையையும் ஐபுப்ரோஃபென் கெடுக்கக்கூடும். அதற்காக ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதய மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம், வயிறு வலிக்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க முடியாது. பலருக்கு வலியே இல்லாமல் ரத்தம் கசியும். மலம் தார் மாதிரி கறுத்து, பிசுபிசுத்து, வழக்கத்துக்கு மாறான நாற்றத்தோடு போகும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், எழுந்தால் தலை சுற்றும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும்தான். ஆனால் இந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: கூடவே அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போட்டால் கவலை இல்லையே?

பதில்: இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் நல்ல காப்பு. அதற்குக் கீழே உள்ள சிறுகுடலுக்கு உதவாது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். பலர் இரண்டையும் சாப்பிட்ட பிறகு சேர்த்து விழுங்குகிறார்கள்.

கேள்வி: மாதவிடாய் வலிக்கு மெஃபனமிக் அமிலம்?

பதில்: இதுவும் அதே வகைதான். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லையென்றால், சாப்பிட்டுவிட்டு இரண்டு மூன்று நாள் போடுவதில் பெரிய பயம் இல்லை.

கேள்வி: பாராசிட்டமால்?

பதில்: வேறு வகை, வயிற்றுக்குச் சாது. அளவு மீறினால் கல்லீரலுக்குத்தான் ஆபத்து. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்சவரம்பு; குடிப்பவர்களுக்கு அதுவே அதிகம். ஆனால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். ‘அசிக்ளோஃபினாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி.’ என்று இருந்தால் அது வெறும் பாராசிட்டமால் இல்லை, டைக்ளோஃபினாக் வகை மருந்தும் அதில் சேர்ந்திருக்கிறது.