ஆரில் நிறுவிய பேக்கேஜ்கள் தானாகவே லோட் ஆகக் கூடாதா?

ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் ஒருமுறை இன்ஸ்டால் செய்த பேக்கேஜை, அதாவது ஃபங்ஷன்களின் தொகுப்பை, ஒவ்வொரு தடவையும் லைப்ரரி என்று எழுதி ஏன் அழைக்க வேண்டும், ஆர் தானாகவே லோட் செய்யலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யவே கூடாது என்பேன்.

பெயர் மோதல்தான் பெரிய ஆபத்து. ஆர் திறக்கும்போதே ஸ்டாட்ஸ் பேக்கேஜ் வந்துவிடும். அதில் காலத்தொடர் தரவுக்கான ஃபில்டர் என்ற ஃபங்ஷன் உண்டு. தரவைக் கையாள உதவும் டிபிளையர் (dplyr) பேக்கேஜை லோட் செய்தால், அதே பெயரில் வரிசைகளை வடிகட்டும் வேறொரு ஃபங்ஷன் வந்து பழையதை மறைத்துவிடும். நாமே அழைத்ததால் திரையில் வரும் அறிவிப்பைக் கவனிக்கிறோம். நிறுவிய 200 பேக்கேஜும் தானாக வந்தால், எது எதை மறைத்தது என்று எங்கே போய்த் தேடுவது?

அப்புறம், ஸ்கிரிப்டை நண்பருக்கு அனுப்பும்போது என்னென்ன தேவை என்று அவருக்குச் சொல்வது மேலே இருக்கும் அந்த லைப்ரரி வரிகள்தான். தினமும் வேண்டியதை, ஆர் திறக்கும்போதே தானாக இயங்கும் ஆர்ப்ரொஃபைல் (.Rprofile) கோப்பில் எழுதிக்கொள்ளலாம், சரி. பகிரும் ஸ்கிரிப்டில் மட்டும் அந்த வரியை விட்டுவிடாதீர்கள்.