மூன்று மாதத்துக்குப் பிறகு மருந்துக்கு என்ன வழி?

கேள்வி: அகதி முகாமில் தன்னார்வலராகச் சேரப்போகிறேன். சர்க்கரை, வலிப்பு போன்ற நீண்டகால நோயாளிகளை அங்கே எப்படிக் கவனிப்பது?

பதில்: முகாமில் பெயர் பதியும்போதே கேட்டுவிடுங்கள்: என்ன மருந்து எடுக்கிறீர்கள், இன்னும் எத்தனை நாளுக்குக் கையில் இருக்கிறது? இன்சுலின், வலிப்பு, காசநோய், எச்.ஐ.வி. மருந்துகள் எடுப்பவர்களை அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். முதல் வகை சர்க்கரை உள்ள குழந்தைக்கு இன்சுலின் ஓரிரு நாள் தவறினாலே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், நிற்காமல் தொடர்ந்து வலிப்பு வரலாம்.

அவசரகால மருந்துப் பெட்டி 10,000 பேருக்கு ஏறக்குறைய 3 மாதம் என்ற கணக்கில் வருவது. முகாமோ பல வருடம் நீடிக்கும். அதனால் பெட்டி வந்த வாரமே அடுத்த கொள்முதலைத் தொடங்குங்கள். வலிப்புக்குத் தரும் ஃபீனோபார்பிட்டால், சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து. அதற்கு இறக்குமதி அனுமதி வாங்கவே நாளாகும். முகாம்களில் வலிப்பு மருந்து தீர்ந்துபோக இதுவும் ஒரு காரணம்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால், பிறகு உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. திறந்த குப்பியைக் குளிர்ப்பெட்டி இல்லாத கூடாரத்தில், இரண்டு மண்பானைகளுக்கு நடுவே ஈரமணல் நிரப்பி, உள்பானையில் வைக்கலாம். பெரும்பாலான வகைகள் 4 வாரம் வரை தாங்கும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த இடத்தில் இந்தப் பானை அவ்வளவாகக் குளிராது.

சிகிச்சை அட்டை நோயாளியின் கையிலேயே இருக்கட்டும். மருந்தின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். எனவே மூலப்பெயர் (உள்ளே இருக்கும் மருந்துப் பொருளின் பெயர்), அளவு, கடைசிப் பரிசோதனை முடிவு மூன்றையும் எழுதுங்கள்.

கேள்வி: நடந்த கொடுமைகளை ஒரே அமர்வில் கொட்டித் தீர்க்க வைத்தால் மனபாரம் குறையுமாமே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைப்பதில்லை. சிலருக்கு வேதனை கூடிவிடலாம். அவர்களாகப் பேசினால் காதுகொடுத்துக் கேளுங்கள், தோண்டாதீர்கள். பிரிந்த உறவினர் பற்றிய தகவல், கழிப்பறைப் பாதையில் விளக்கு, பிள்ளைகளுக்குப் பள்ளி – பலருக்கு இவையே பெரிய ஆறுதல்.

போர் பாதித்த பகுதிகளில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக 2019-இல் அந்நிறுவனம் மதிப்பிட்டது. இத்தனை பேருக்கு மனநல மருத்துவர்கள் கிடைக்கமாட்டார்கள். முகாமிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து பயிற்றுவித்து, வாரம் ஒன்றாக 5 மனநல ஆலோசனை அமர்வு நடத்தும் முறை இருக்கிறது. அவர்களுக்குத் தொடர் மேற்பார்வை இல்லாவிட்டால் அது சில மாதங்களில் தேய்ந்துவிடும்.

தூக்கம் வரவில்லை என்பவருக்கெல்லாம் டயஸிபாம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையைக் கொடுப்பது பழக்க அடிமையாக்கும். மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்யச் சில வாரம் பிடிக்கும். குணமான பின்னும் 9 முதல் 12 மாதம் தொடர வேண்டும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் பாதியில் விட்டுவிடுவார்கள். மொழிபெயர்க்க நோயாளியின் பிள்ளையை உட்காரவைக்காதீர்கள். பிள்ளை முன்னால் தாய் தற்கொலை எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டாள்.