ஸ்டாரோஸ்போரின்: மாணவர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், ஸ்டாரோஸ்போரின் புட்டியில் ‘புரோட்டீன் கைனேஸ் சி தடுப்பான்’ என்று போட்டிருக்கிறது (கைனேஸ் என்பது புரதங்களில் பாஸ்பேட் ஒட்டும் நொதி). ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்கள்) 1 மைக்ரோமோலார் விட்டேன். நான் தேடும் பாஸ்பரைலேஷன், அதாவது பாஸ்பேட் ஒட்டுவது, காணாமல் போய்விட்டது. கைனேஸ் சி-தான் காரணம் என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். 1986-இல் கைனேஸ் சி-யைத்தான் இது தடுக்கிறது என்று கண்டார்கள், 2.7 நானோமோலாரிலேயே அந்த நொதியின் வேலை பாதியாகிவிடும். புட்டியில் உள்ள பெயர் அந்தக் காலத்து மிச்சம். இது போய் உட்காருவது கைனேஸில் ஏடிபி (பாஸ்பேட்டைத் தரும் மூலக்கூறு) உட்காரும் குழியில். மனிதரிடம் ஐந்நூறுக்கு மேல் கைனேஸ்கள் உண்டு. பெரும்பாலானவற்றில் அந்தக் குழி ஏறக்குறைய ஒரே வார்ப்பு. நீங்கள் விட்ட அளவில் எந்தக் கைனேஸ் தப்பித்தது என்று கேட்பதுதான் சுலபம்! கைனேஸ் சி-யைத்தான் சொல்ல வேண்டுமென்றால் பிஸ்இண்டோலைல்மாலிமைடு வகைத் தடுப்பான்களில் ஒன்றைப் பாருங்கள். அதுவும் சுத்தமில்லை, வேறு சில கைனேஸ்களையும் தொடும். அதனால் கூடவே கைனேஸ் சி-யின் மரபணுவை எஸ்ஐஆர்என்ஏ (குறிப்பிட்ட மரபணுவை அடக்கும் சிறு ஆர்என்ஏ) கொண்டு அடக்கியும் காட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பிறகு எழுதலாம்.

கேள்வி: அப்படியென்றால் இதை எதற்கு வாங்குகிறார்கள்?

பதில்: செல்லைச் சாகடிக்க. அப்போப்டோசிஸ் (செல் தன்னைத் தானே அழித்துக்கொள்வது) சோதனையில் பாசிட்டிவ் கண்ட்ரோலாக, அதாவது விளைவு நிச்சயம் தெரிய வேண்டிய ஒப்பீடாக, இதைவிட நம்பகமானது குறைவு. பல செல் வகைகளில் 1 மைக்ரோமோலார், சில மணி நேரம் போதும். செல் சாவை நடத்தும் நொதியான காஸ்பேஸ்-3 வெட்டுப்பட்டுச் செயல்படத் தொடங்குவது தெரியும். இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் மிதக்கும் குப்பைதான் இருக்கும். உங்கள் செல்லுக்கு எத்தனை மணி என்று ஒருமுறை நேரவாரியாகப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 1 மில்லிகிராமை எவ்வளவு டிஎம்எஸ்ஓ-வில் (கரைப்பான் திரவம்) கரைப்பது?

பதில்: மூலக்கூறு எடை 466.5. 2.14 மில்லிலிட்டரில் கரைத்தால் 1 மில்லிமோலார். ஆயிரத்தில் ஒரு பங்கு விட்டால் செல்லுக்கு 1 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம். ஒப்பிட, அதே அளவு வெறும் டிஎம்எஸ்ஓ விட்ட கிணறும் (செல் வளர்ப்புத் தட்டின் ஒரு குழி) வேண்டும். சின்னச் சின்னதாகப் பிரித்து, வெளிச்சம் படாமல் மைனஸ் 20-இல் வையுங்கள். கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

கேள்வி: மேடம் ஒருவர் இது ஒட்டுண்ணி மருந்தான ஐவர்மெக்டினின் உறவு என்றார். உண்மையா?

பதில்: வேதியியலில் இல்லை, ஆள் வழியில் உண்டு. ஜப்பானின் கிடசாட்டோ நிறுவனத்தில் சடோஷி ஓமுரா குழு 1977-இல் மண் பாக்டீரியாவிலிருந்து இதைப் பிரித்தது. ஐவர்மெக்டினுக்கு மூலமான அவர்மெக்டினுக்காக 2015-இல் நோபல் வாங்கியவரும் அவரே.

கேள்வி: மருந்தாகக் கொடுக்கலாமா?

பதில்: இதையே கொடுக்க முடியாது, கண்டதையெல்லாம் தடுக்கும். இதிலிருந்து பிறந்த மிடோஸ்டாரினுக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எஃப்எல்டி3 என்ற கைனேஸின் மரபணுவில் திரிபுள்ள ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு, கீமோவோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதுவும் பல கைனேஸ்களைத் தொடுகிற ஆள்தான்.