வீசிங் இருக்கிற அம்மாவுக்கு ராயல் ஜெல்லி கொடுக்கலாமா?

கோத்தகிரில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. ஊட்டி ரோட்ல ஒரு கடையில ராயல் ஜெல்லி கலந்த தேன் வாங்கினாங்களாம், எதிர்ப்பு சக்தி கூடும்னு சொல்லி வித்திருக்காங்க. அம்மாவுக்குப் பனி விழுந்தா வீசிங், இன்ஹேலர் போடுறாங்க, அப்பாவுக்கு இதய வால்வு ஆபரேஷன் ஆகி, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை ஓடுது, ரெண்டு பேருக்கும் தினம் ஒரு ஸ்பூன் கொடுக்கலாமான்னு கேள்வி.

வேண்டாம்மா, ரெண்டு பேருக்குமே.

அம்மா விஷயம்தான் முக்கியம். ஆஸ்துமா, அலர்ஜி இருக்கிறவங்களுக்கு ராயல் ஜெல்லி திடீர்னு மூச்சை அடைக்கலாம், அபூர்வமா உயிரே போயிருக்கு, அதனாலதான் ஆஸ்திரேலியால இது கலந்த பொருள் லேபிள்ல இந்த எச்சரிக்கையைப் போட்டே ஆகணும்னு சட்டம். நம்ம கடை பாட்டில்ல ராணித்தேனீ படம்தான் பெருசா இருக்கும்!

சரி, இது என்னதான்? இளம் வேலைக்காரத் தேனீங்க தலையில இருக்கிற சுரப்பில ஊறுற பால் மாதிரியான பசை, லேசாப் புளிக்கும், நாக்கைச் சுருக்குனு பிடிக்கும். எல்லாப் புழுவுக்கும் மொத 3 நாள் கிடைக்கும், ராணிக்கு மட்டும் கடைசி வரைக்கும். வேலைக்காரி கோடைல ஆறு வாரம் இருந்தா அதிகம், ராணி வருஷக்கணக்கா இருக்கும், இதை வச்சுத்தான் நமக்கும் ஆயுசு கூடும்னு விக்கிறாங்க. அது தேனீ உடம்புக்கு நடக்கிற கதை, நமக்கு அப்படி எந்த நிரூபணமும் இல்ல. பசையில பாதிக்கு மேல, 60-70 சதவீதம், தண்ணிதான், மிச்சம் புரதம், சர்க்கரை, கொஞ்சம் கொழுப்பு. கொலஸ்ட்ரால், மாதவிடாய் நிக்கிற சமயத்து தொந்தரவு இதுக்கெல்லாம் சின்னச் சின்ன ஆய்வுல கொஞ்சம் பலன் தெரிஞ்சிருக்கு, ஆனா 2011ல ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எதிர்ப்பு சக்தி உட்பட பல கிளெய்மைப் பார்த்துட்டு ஆதாரம் போதாதுன்னு தள்ளிடுச்சு.

இன்னொண்ணு, குறும்பர்கள் பாறையில எடுக்கிற மலைத்தேன்ல இருந்து வந்த ஜெல்லின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இதைப் பெட்டித் தேனீல ராணி அறை கட்ட வச்சு, மூணாம் நாள் அறைக்குக் கால் கிராம் போல சுரண்டி எடுக்கணும், உலகத்துல பெரும்பகுதி சீனாலதான் உற்பத்தி.

அப்பாவுக்கு ஏன் வேண்டாம்னா, வார்ஃபரின் எடுத்துட்டிருந்த ஒரு பெரியவர் ராயல் ஜெல்லி சாப்பிட்டு சிறுநீர்ல ரத்தம் போய் அட்மிட் ஆனது மருத்துவப் பதிவுல இருக்கு. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தார்னா நிறுத்திட்டு, டாக்டர்கிட்ட சொல்லி ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கிற டெஸ்ட்) பார்த்துடுங்க. அம்மாவுக்கு உதடு வீங்குது, தடிப்பு வருது, மூச்சு இழுக்குதுன்னா காத்திருக்காம உடனே 108 கூப்பிடுங்க, மலை ரோட்ல ஆம்புலன்ஸ் வந்து சேர நேரம் ஆகும்.